திருட்டா, பறிப்பா, கொள்ளையா, கூட்டுக் கொள்ளையா: புகார் எழுதும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

பொருளைப் பறிகொடுத்தவர் காவல் நிலையத்துக்கு வந்ததும் முதலில் சொல்வது தொகையைத்தான். "எட்டு பவுன் போச்சு சார்", "வண்டி ஒண்ணேகால் லட்சம் சார்". புகாரை வாங்கி எழுதுபவருக்குத் தேவைப்படுவது வேறு. பொருள் எங்கே இருந்தது, எப்படி எடுத்தார்கள், கையில் ஏதாவது வைத்திருந்தார்களா, எத்தனை பேர், பொழுது சாய்ந்துவிட்டதா? இந்தக் கேள்விகளுக்குக் கிடைக்கும் பதில்களில்தான் சட்டப் பிரிவு முடிவாகிறது. நம் சட்டத்தில் 5,000 ரூபாய் என்ற ஒரு கோட்டைத் தவிர, திருட்டுக்கான தண்டனையைப் பொருளின் மதிப்பு தீர்மானிப்பதில்லை. திறந்த மைதானத்தில் வைத்திருந்த இரண்டு லட்ச ரூபாய் கேமரா காணாமல் போனால் அதிகபட்சத் தண்டனை 3 ஆண்டு. கத்தியைக் காட்டி நூறு ரூபாயைப் பிடுங்கினால் 10 ஆண்டு.

இது தெரியாததால் பறிகொடுத்தவர்கள் தங்கள் வழக்கைத் தாங்களே இளைக்க வைத்துவிடுகிறார்கள். நகையின் எடையைப் பத்து வரிக்கு எழுதிவிட்டு, "கத்தியைக் காட்டினான்" என்பதை விட்டுவிடுகிறார்கள். அந்தக் கத்தி மூன்றாம் நாள் வாக்குமூலத்தில் முளைத்தால், குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் கை வைக்கும் இடம் அதுதான். "புகார் கொடுக்கும்போது இவ்வளவு முக்கியமான விஷயம் நினைவில்லையா அம்மா?" என்ற ஒரு கேள்வி போதும்.

2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றத்துக்கு இன்று புகார் கொடுத்தாலும் பழைய சட்டம்தான் பொருந்தும். பழைய எண்கள் இன்னும் எல்லார் வாயிலும் புழங்குவதால் சேர்த்துச் சொல்லிவிடலாம். திருட்டு 379 இப்போது 303(2). வீட்டுத் திருட்டு 380 இப்போது 305. வேலைக்காரர் திருட்டு 381 இப்போது 306. கொள்ளை 392 இப்போது 309(4). கூட்டுக் கொள்ளை 395 இப்போது 310(2). பயங்கர ஆயுதத்துக்கான 397 இப்போது 311. இரவில் வீடு உடைத்துப் புகும் 457 இப்போது 331(4).

அடிப்படைத் திருட்டிலிருந்து தொடங்குவோம். நேர்மையற்ற நோக்கத்தோடு, அசையும் பொருளை, ஒருவரின் வசத்திலிருந்து, அவர் சம்மதம் இல்லாமல் எடுக்க வேண்டி, அதை நகர்த்தினால் திருட்டு. "நகர்த்தினால்" என்ற சொல்லைக் கவனியுங்கள். கடை வாசலைத் தாண்ட வேண்டியதில்லை. அலமாரியிலிருந்து எடுத்து இடுப்பில் செருகிய நொடியிலேயே குற்றம் முழுமையாகிவிடுகிறது. "வசம்" என்பதும் உரிமை என்பதும் ஒன்றல்ல. பழுது பார்க்கக் கொடுத்த கைக்கடிகாரத்தை, கூலி பாக்கிக்காகக் கடைக்காரர் சட்டப்படி பிடித்து வைத்திருக்கும்போது, சொந்தக்காரரே கூலி கொடுக்காமல் எடுத்துக்கொண்டு போனால் அதுவும் திருட்டு. இந்த எடுத்துக்காட்டு சட்டப் பிரிவின் கீழேயே இருக்கிறது. திருப்பிக் கொடுக்கும் எண்ணத்தில் எடுத்தேன் என்ற வாதமும் அவ்வளவாக எடுபடாது. அலுவலகக் கோப்பு ஒன்றை வெளியே கொண்டுபோய் ஒரே நாளில் திரும்ப வைத்ததும் திருட்டுத்தான் என்று 1963-இல் பியாரேலால் பார்கவா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

இந்த அடிப்படைத் திருட்டுக்கு 3 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். இரண்டாம் முறை தண்டிக்கப்பட்டால் குறைந்தது 1 ஆண்டு, 5 ஆண்டு வரை கடுங்காவல், அபராதமும் உண்டு. முதல்முறை தண்டிக்கப்படுபவராக இருந்து, பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்து, பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால் சமூக சேவைதான் தண்டனை. இந்த 5,000 ரூபாய்க் கோடு தண்டனையோடு நிற்பதில்லை. அதற்குக் கீழே போனால் குற்றம் பிடியாணை இல்லாமல் கைது செய்ய முடியாத வகைக்கு மாறிவிடுகிறது, ஜாமீனும் உரிமையாகிவிடுகிறது. நடுவரின் (மாஜிஸ்திரேட்டின்) உத்தரவு இல்லாமல் போலீஸ் புலன் விசாரணை செய்ய முடியாது. எஃப்ஐஆருக்குப் பதில், புகார் பெற்றதற்கான சிஎஸ்ஆர் ரசீதோடு திரும்ப வேண்டிவரும்.

ஆகவே "பழைய போன்தான் சார், மூவாயிரம் தேறும்" என்று வாய்க்கு வந்ததைச் சொல்ல வேண்டாம். வாங்கிய பில், வாங்கிய மாதம், அதே மாதிரிப் போன் இப்போது என்ன விலைக்குப் போகிறது என்பதைப் பார்த்துவிட்டு உண்மையான மதிப்பைச் சொல்லுங்கள். ஏற்றிச் சொல்வதும் கூடாது, இறக்கிச் சொல்வதும் கூடாது. இன்னொன்று, இந்த 5,000 ரூபாய்ச் சலுகை 303-க்கு மட்டுமே உரியது. அதே மூவாயிரம் ரூபாய்ப் போன் வீட்டுக்குள்ளிருந்து போயிருந்தால் 305. கையிலிருந்து பிடுங்கப்பட்டிருந்தால் 304. இரண்டிலும் மதிப்பைப் பற்றிய பேச்சே இல்லை. "போன் திருடு போனது" என்று மொட்டையாக எழுதினால் இந்த இரண்டு வாய்ப்பும் போய்விடும்.

304 புதிதாக வந்த பிரிவு. திருடுவதற்காகத் திடீரென்றோ, வேகமாகவோ, பலவந்தமாகவோ ஒருவரிடமிருந்து பொருளைப் பிடுங்கினால் பறிப்பு. செயின் பறிப்பு, செல்போன் பறிப்பு எல்லாம் இதற்குள் அடங்கும். தனிப் பெயர் வந்ததே தவிர, தண்டனை 3 ஆண்டைத் தாண்டவில்லை. சிறையோடு அபராதமும் கட்டாயம் என்பதுதான் தண்டனையில் சாதாரணத் திருட்டிலிருந்து இதற்குள்ள முக்கிய வேறுபாடு. தெருவில் நடக்கும் பெண்ணின் கழுத்திலிருந்து தாலிக்கொடியை அறுப்பதும், மேசை மேல் இருந்த பர்ஸை எடுப்பதும் ஏறக்குறைய ஒரே தட்டில் வைக்கப்பட்டிருப்பது நியாயமாகப் படவில்லை.

செயின் பறிப்பை நெருக்கத்தில் பார்ப்போம். பின்னாலிருந்து பைக்கில் வந்த இருவரில் பின்னால் உட்கார்ந்திருப்பவன் கழுத்துச் செயினைப் பற்றி இழுக்கிறான். கொக்கி எளிதில் கழன்று செயின் அவன் கைக்குப் போய்விட்டால் 304. ஆனால் ஐந்து பவுன் தாலிச் செயின் அவ்வளவு லேசில் அறுவதில்லை. கழுத்தில் சிவந்த கோடு விழும், சில நேரம் தோல் கீறும். இழுத்த இழுப்பில் கீழே விழுந்து முழங்கை சிராய்க்கும். செயினைப் பிடித்துக்கொண்டால் கையைத் தட்டிவிட ஓர் அடி விழும். சட்டத்தில் காயம் என்பதற்கு உடல் வலி உண்டாக்குவதே போதும். திருட்டை நிறைவேற்றுவதற்காக அந்தக் காயத்தை வேண்டுமென்றே ஏற்படுத்தியிருந்தால் விஷயம் கொள்ளையாகிறது. காயத்தோடு கூடிய கொள்ளைக்கு 309(6): ஆயுள் தண்டனை, அல்லது 10 ஆண்டு வரை கடுங்காவல்.

மூன்று ஆண்டுக்கும் ஆயுளுக்கும் இடையே உள்ள அந்தத் தூரம், பெரும்பாலும் ஒரு காகிதத்தில் இருக்கிறது. அரசு மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல்தான் அது. நீதிமன்ற வட்டாரத்தில் ஏ.ஆர். காப்பி என்பார்கள். "சின்னக் கீறல்தானே, மஞ்சள் வைத்துக்கொள்ளலாம்" என்று வீட்டுக்குப் போய்விடாதீர்கள். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். கழுத்தில் எந்தப் பக்கம், எத்தனை சென்டிமீட்டர், எதனால் ஏற்பட்டது என்பது பதிவாகட்டும். மருத்துவரிடம் "அடையாளம் தெரியாத இரண்டு பேர் செயினை இழுத்ததில் ஏற்பட்டது" என்று நடந்ததை அப்படியே சொல்லுங்கள். "கீழே விழுந்துட்டேன்" என்று சுருக்கிச் சொன்னால் அதுதான் பதிவேட்டில் ஏறும். பிறகு திருத்த முடியாது. சிவந்த தடம் இரண்டு நாளில் மறைந்துவிடும். புகைப்படமும் அன்றே எடுக்க வேண்டும்.

அடுத்து வீடு. குடியிருக்கும் கட்டடத்திலிருந்தோ, பொருள் வைக்கப் பயன்படும் கட்டடத்திலிருந்தோ திருடினால் 305(ஏ), 7 ஆண்டு வரை. கடையும் குடோனும் இதில் சேரும். புதுச் சட்டத்தில் இதே பிரிவோடு இன்னும் சில சேர்ந்திருக்கின்றன: சரக்கோ பயணிகளோ ஏற்றும் வாகனத்தைத் திருடுவது, அப்படிப்பட்ட வாகனத்திலிருந்து பொருளைத் திருடுவது, வழிபாட்டுத் தலத்துச் சிலையைத் திருடுவது, அரசு அல்லது உள்ளாட்சிச் சொத்தைத் திருடுவது. ஓடும் ரயிலிலோ பேருந்திலோ பை போனால் 305 என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஊரில் போனது என்று தெரியாவிட்டாலும் புகாரைத் திருப்பி அனுப்ப முடியாது. எல்லை பார்க்காமல் எந்தக் காவல் நிலையமும் எஃப்ஐஆர் பதிய வேண்டும் என்று நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 173 சொல்கிறது. மின்னணு வழியில் அனுப்பினால் 3 நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும். இதைத் தவறவிடுபவர்கள் நிறைய.

305-இன் 7 ஆண்டு என்ற எண்ணுக்கு இன்னும் இரண்டு பலன் உண்டு. 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குக் குறைவாகத் தண்டனை உள்ள குற்றங்களில், டிஎஸ்பி அனுமதியோடு 14 நாள் முதற்கட்ட விசாரணை நடத்திவிட்டு எஃப்ஐஆர் போடலாம் என்று 173(3) இடம் கொடுக்கிறது. 303-உம் 304-உம் அதற்குள் வரும். 305 வராது, ஏனென்றால் 7 ஆண்டு என்பது 7-க்குக் குறைவு அல்ல. வீட்டுத் திருட்டுப் புகாருக்கு "பதினாலு நாள் விசாரிச்சுட்டுச் சொல்றோம்" என்றால் அந்தப் பிரிவை எடுத்துக்காட்டலாம். இரண்டாவது, 7 ஆண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வந்து தடயம் சேகரிக்க வேண்டும், அதை வீடியோ எடுக்க வேண்டும் என்று 176(3) சொல்கிறது. மாநிலங்கள் இதை நடைமுறைக்குக் கொண்டுவர 5 ஆண்டு அவகாசம் இருக்கிறது. எதுவானாலும், பீரோ கலைந்து கிடப்பதைப் பார்த்தவுடன் துணிகளை மடித்து அடுக்கத் தொடங்காதீர்கள். சொந்தக்காரர்கள் பத்துப் பேர் வந்து கதவைத் தொட்டுப் பார்த்த பிறகு கைரேகை நிபுணர் வந்து என்ன பயன்?

வீட்டுத் திருட்டில் 305-க்குப் பக்கத்தில் இன்னொரு பிரிவு கட்டாயம் வர வேண்டும். உள்ளே எப்படி நுழைந்தார்கள் என்பது தனிக் குற்றம். நம் ஊரில் அழகாகக் கன்னக்களவு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சட்டம் இதை வீடு உடைத்தல் என்கிறது. ஆனால் எதையும் உடைத்திருக்க வேண்டிய அவசியமில்லை. பிரிவு 330 ஆறு வழிகளைச் சொல்கிறது: தானே துளையிட்ட வழி, மனிதர் நுழைவதற்கு அல்லாத வழி அல்லது சுவரேறிக் குதித்த வழி, வீட்டுக்காரர் நினைத்திராத முறையில் திறக்கப்பட்ட வழி, பூட்டைத் திறந்து நுழைவது, ஆளைத் தள்ளியோ மிரட்டியோ நுழைவது, தாழிட்டிருந்த வழியைத் திறந்து நுழைவது. நுழைவது மட்டுமல்ல, அப்படி வெளியேறினாலும் போதும். நீங்கள் தொலைத்த சாவியை ஒருவன் கண்டெடுத்து, அதே சாவியால் கதவைத் திறந்து நுழைந்தால் அதுவும் வீடு உடைத்தல். சன்னல் ஓட்டையில் கம்பி விட்டுத் தாழ்ப்பாளைத் தூக்கினாலும் அதே. எனவே "பூட்டு உடைக்கப்படவில்லை, அதனால் சாதாரணத் திருட்டு" என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

திருடும் நோக்கத்தில் வீடு உடைத்தால் பகலில் 331(3), 10 ஆண்டு வரை. பொழுது சாய்ந்து விடிவதற்குள் என்றால் 331(4), 14 ஆண்டு வரை. கதவு திறந்து கிடந்து சும்மா நுழைந்து எடுத்திருந்தால் 332(சி), 7 ஆண்டு வரை.

இங்கே வழக்கமாக எது தவறிப்போகிறது என்றால், நேரம். நான்கு நாள் ஊருக்குப் போய்விட்டு வந்து பார்க்கிறார்கள், கதவு திறந்து கிடக்கிறது. பகலா இரவா என்று யாருக்கும் தெரியாது. "இரவு நேரத்தில்" என்று ஊகத்தில் எழுதினால் நீதிமன்றத்தில் நிரூபிக்க முடியாமல் கீழ்ப் பிரிவுக்கு இறங்கிவிடும். தெரிந்ததை எழுதுங்கள்: எந்தத் தேதி எத்தனை மணிக்குப் பூட்டினீர்கள், கடைசியாக யார் பூட்டோடு பார்த்தார்கள், முதலில் திறந்து கிடப்பதை யார் எப்போது பார்த்தார்கள். பால் போடுபவர் மாலை 6 மணிக்குப் பூட்டு இருந்ததைப் பார்த்திருக்கிறார், எதிர்வீட்டுக்காரர் விடியற்காலை 5 மணிக்குக் கதவு திறந்திருந்ததைப் பார்த்திருக்கிறார் என்றால் இரவு தானாக நிரூபணமாகிவிடும். தெருவில் உள்ள சிசிடிவி பதிவு பல இடங்களில் சில நாள்களிலேயே பழையதன் மேல் புதியது பதிந்து அழிந்துவிடும். புகார் கொடுத்த அன்றே எந்தெந்தக் கடையில், வீட்டில் கேமரா இருக்கிறது என்று எழுதிக் கொடுங்கள்.

வேலைக்காரர் திருட்டில் ஒரு நுணுக்கம். வீட்டு வேலைக்கு இருப்பவரோ கடை ஊழியரோ முதலாளியின் வசத்தில் உள்ள பொருளை எடுத்தால் 306, 7 ஆண்டு வரை. ஆனால் வங்கியில் கட்டச் சொல்லிக் கொடுத்த பணத்தோடு காசாளர் மறைந்துவிட்டால் அது திருட்டே அல்ல. நம்பி ஒப்படைத்ததைக் கையாடியது, 316(4). நகை செய்யக் கொடுத்த தங்கத்தைத் தராமல் ஏமாற்றினாலும் நம்பிக்கை மோசடிதான், திருட்டாகாது. "எடுத்தார்" என்பதா, "கொடுத்தேன், தரவில்லை" என்பதா என்று உங்களையே ஒருமுறை கேட்டுக்கொண்டு எழுதுங்கள்.

இனி கொள்ளை. எல்லாக் கொள்ளைக்குள்ளும் ஒரு திருட்டோ, ஒரு மிரட்டிப் பறித்தலோ இருக்கிறது என்று பிரிவு 309 தொடங்குகிறது. திருடுவதற்காகவோ, திருடும்போதோ, திருடியதைக் கொண்டுபோகும்போதோ, அந்த நோக்கத்துக்காக ஒருவருக்கு மரணமோ காயமோ ஏற்படுத்தினால், ஏற்படுத்த முயன்றால், நகர விடாமல் தடுத்தால், அல்லது இவை உடனே நடக்கும் என்ற அச்சத்தை ஊட்டினால் திருட்டு கொள்ளையாகிறது. 10 ஆண்டு வரை கடுங்காவல். நெடுஞ்சாலையில் பொழுது சாய்ந்து விடிவதற்குள் என்றால் 14 ஆண்டு வரை. முயற்சி மட்டும் என்றால் 7 ஆண்டு வரை.

"அந்த நோக்கத்துக்காக" என்ற சொற்கள் பல வழக்குகளைக் கவிழ்த்திருக்கின்றன. திருடன் பையோடு ஓடுகிறான், விரட்டுபவர் மேல் கல்லெறிகிறான், பை கையில் இருக்கிறது: பொருளைக் கொண்டுபோகத்தான் அடித்தான், எனவே கொள்ளை. அதே திருடன் பையைக் கீழே போட்டுவிட்டு, தப்பிக்க மட்டும் கல்லெறிந்தால் அது திருட்டும் தனியாக ஒரு காயமும்தான். கல் விழுந்தபோது பொருள் யார் கையில் இருந்தது என்பதைப் புகாரில் ஒரு வரி எழுதினால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும்.

கத்தி முனையில் ஜிபே செய்யச் சொல்லி வாங்கினால்? பொருளை அவன் எடுக்கவில்லை, நீங்கள் அனுப்பினீர்கள். அதனால் திருட்டு இல்லை, மிரட்டிப் பறித்தல். ஆனால் அவன் எதிரே நின்று, உடனே குத்திவிடுவான் என்ற அச்சத்தில், அங்கேயே அப்போதே கொடுக்க வைத்தான் என்பதால் 309(3)-இன்படி அதுவும் கொள்ளை. "நாளைக்குள் பணம் வரலேன்னா பையனைத் தூக்கிடுவோம்" என்று போனில் மிரட்டினால் உடனடி அச்சமும் இல்லை, எதிரே ஆளும் இல்லை. அது 308-இல் நிற்கும்.

கத்தி இருந்தது, காட்டவில்லை என்றால் என்ன? இடுப்பில் செருகியிருந்தான், எதிர்த்தால் குத்துவதற்காக வைத்திருந்தான், யாரும் எதிர்க்கவில்லை. இது 307, தாக்குவதற்கான ஆயத்தத்தோடு திருடுதல். 10 ஆண்டு வரை கடுங்காவல். காட்டி மிரட்டியிருந்தால் 309-உம் அதோடு 311-உம் சேரும். கொள்ளையிலோ கூட்டுக் கொள்ளையிலோ பயங்கர ஆயுதத்தைப் பயன்படுத்தியவருக்கு, அல்லது கொடுங்காயம் ஏற்படுத்தியவருக்கு 7 ஆண்டுக்குக் குறையாமல் தண்டனை தர வேண்டும் என்கிறது 311. பயன்படுத்துவது என்றால் குத்தியிருக்க வேண்டியதில்லை. பறிகொடுப்பவர் கண்ணில் படும்படி கையில் வைத்திருந்து அச்சம் ஊட்டியதே போதும் என்பது 1975-இல் பூல்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் வைத்த நிலை.

ஆனால் 311 ஆளுக்கு ஆள் பார்க்கும் பிரிவு. நான்கு பேர் வந்து ஒருவன் மட்டும் அரிவாள் வைத்திருந்தால் அந்த ஒருவனுக்குத்தான் இந்தக் குறைந்தபட்சத் தண்டனை. "அவர்கள் அரிவாளைக் காட்டி மிரட்டினார்கள்" என்று பன்மையில் எழுதிவிட்டால் 311 யாருக்கும் ஒட்டாது. இப்படி எழுத வேண்டும்: "பைக்கில் பின்னால் உட்கார்ந்திருந்த, நீலக் கட்டம் போட்ட சட்டை அணிந்த, சுமார் 25 வயது ஆள் வலது கையில் முழங்கை நீள அரிவாள் வைத்திருந்தான். அதை என் கழுத்துக்கு நேரே நீட்டி, 'செயினைக் கழட்டு, இல்லேன்னா வெட்டிருவேன்' என்றான். வண்டி ஓட்டியவன் இறங்கவில்லை, ஹெல்மெட் போட்டிருந்தான். நான் பயந்துபோய்ச் செயினைக் கழற்றி அரிவாள் வைத்திருந்தவன் இடது கையில் கொடுத்தேன்." இந்த நான்கு வாக்கியத்தில் கொள்ளைக்கும் 311-க்கும் வேண்டிய எல்லாம் இருக்கிறது. அச்சம் இருக்கிறது, அது உடனடியானது என்பதும் இருக்கிறது, யார் கையில் என்ன என்பதும் இருக்கிறது. "பயந்துபோய்" என்ற சொல்லை வெட்கப்பட்டு விடுபவர்கள் உண்டு. குறிப்பாக ஆண்கள். சட்டம் கேட்பதே அந்தச் சொல்லைத்தான்.

ஐந்து பேர் சேர்ந்துவிட்டால் அது கூட்டுக் கொள்ளை. கொள்ளையடிப்பவர்களும், உடனிருந்து உதவுபவர்களும் சேர்த்து ஐந்தோ அதற்கு மேலோ இருந்தால் 310. தண்டனை ஆயுள், அல்லது 10 ஆண்டு வரை கடுங்காவல். அதில் ஒருவர் கொலை செய்தால் உடனிருந்த எல்லோரும் 310(3)-இல் மரண தண்டனை வரை நிற்க நேரிடும். விளக்கமே கொள்ளை முயற்சியையும் சேர்த்துக்கொள்வதால், எதுவும் கிடைக்காமல் ஓடினாலும் தண்டனை குறையாது. ஆயத்தம் செய்வதே 10 ஆண்டு வரை, கொள்ளைக்காகக் கூடுவதே 7 ஆண்டு வரை. "கொள்ளையடிக்கத் திட்டமிட்டுப் பதுங்கியிருந்த ஐந்து பேர் கைது" என்று செய்தித்தாளில் அடிக்கடி வருவது இந்த இரண்டு உட்பிரிவுகள்தான். ஊருக்கு வெளியே, முட்புதரில், போலீசார் மட்டுமே சாட்சியாக இருக்கும் வழக்குகள் இவை. கூடியதன் நோக்கத்துக்குத் தனிச் சான்று இல்லாவிட்டால் நிற்பது கடினம்.

எண்ணிக்கை விஷயத்தில் உண்மையைத் தவிர எதுவும் உதவாது. நான்கு பேரைப் பார்த்தீர்கள், தெரு முனையில் இன்னொரு பைக் முடுக்கும் சத்தம் கேட்டது என்றால் அதை அப்படியே எழுதுங்கள். ஐந்து என்று அடித்துச் சொல்ல வேண்டாம், நான்கு என்று முடித்துவிடவும் வேண்டாம். ஐந்து பேர் மேல் மட்டும் குற்றம் சாட்டி, அதில் இருவர் விடுதலையாகிவிட்டால் மீதி மூவரைக் கூட்டுக் கொள்ளைக்குத் தண்டிக்க முடியாது. ஆனால் அடையாளம் தெரியாத வேறு சிலரும் சேர்ந்து ஐந்து பேர் இருந்தார்கள் என்று நீதிமன்றம் சாட்சியத்தின் பேரில் முடிவு செய்தால், பிடிபட்டவர் எத்தனை பேராக இருந்தாலும் 310 நிற்கும். முதல் புகாரில் "இன்னும் அடையாளம் தெரியாத சிலர்" என்று இருந்ததா என்று அப்போதுதான் தேடுவார்கள்.

ஆள் பிடிபட்ட பிறகு அடையாள அணிவகுப்பு வரும். சிறையில் நடுவர் முன்னிலையில், பலரோடு அவனை நிறுத்தி உங்களை அடையாளம் காட்டச் சொல்வது. அதற்கு முன் நிலையத்தில் உங்களைக் கூப்பிட்டு "இவனா பாருங்க" என்று காட்டினாலோ, வாட்ஸ்அப்பில் அவன் படத்தை அனுப்பினாலோ, அணிவகுப்பு செல்லாக் காசாகிவிடும். மரியாதையாக மறுத்துவிட்டு, பார்க்காமல் இருந்துவிடுங்கள். சொந்தக்காரர்கள் அனுப்பும் செய்திப் படங்களையும் பார்க்காதீர்கள்.

பொருளை அடையாளம் காட்டுவது இன்னொரு கண்டம். "செயின், சுமார் 5 பவுன்" என்பது நூறு செயினுக்குப் பொருந்தும். கிராம் கணக்கு, கண்ணியின் வகை, கொக்கி மாற்றியிருந்தால் அது, தாலியில் உள்ள உருவம், எங்காவது பற்ற வைத்த தடம் எல்லாம் எழுதுங்கள். ஹால்மார்க் நகையில் ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த எச்யுஐடி குறியீடு இருக்கும். அது பில்லிலும் இருந்தால் வேறு அடையாளமே வேண்டாம். பில் இல்லாவிட்டால் முன்பு அடகு வைத்த ரசீதும், நகையோடு எடுத்த கல்யாணப் படமும் உதவும். போனுக்கு ஐஎம்இஐ எண், வண்டிக்கு எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும். உருக்கிய தங்கக் கட்டியாகக் கிடைத்தால் இது உங்களுடையது என்று நிரூபிப்பது பெரும்பாடு. அதனால் நாள் கடத்தாமல் புகார் கொடுப்பது முக்கியம். எடையைக் கூட்டிச் சொல்லும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். 12 பவுனை 20 என்று சொல்லி, அவனிடம் 12 அப்படியே கிடைத்தால், சந்தேகம் உங்கள் மேல் திரும்பும்.

திருடு போன கொஞ்ச நாளிலேயே ஒருவனிடம் பொருள் இருந்து, அவனால் கணக்குச் சொல்ல முடியாவிட்டால், அவன் திருடன் அல்லது தெரிந்தே வாங்கியவன் என்று நீதிமன்றம் ஊகிக்கலாம். தெரிந்தே வாங்கியவனுக்கு 317(2), 3 ஆண்டு வரை. கூட்டுக் கொள்ளைப் பொருள் என்று தெரிந்தே வாங்கினால் 317(3), கொள்ளையடித்தவனுக்கு உள்ள அதே ஆயுள் தண்டனை வரை. பில் கேட்காமல் பாதி விலைக்கு நகை வாங்குபவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

சமரசம் பேச வருபவர்களுக்கும் பிரிவு எண் கைகொடுக்கும், அல்லது கையை விரிக்கும். 303(2) என்றால் பொருளின் சொந்தக்காரர் சமரசம் செய்துகொள்ள நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 359 இடம் தருகிறது. 305, 309, 310 எல்லாம் அந்தப் பட்டியலில் இல்லை. "கேஸை வாபஸ் வாங்கிக்கிறோம்" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதால் அவை முடிந்துவிடாது.

காப்பீடு எடுத்திருந்தால் பாலிசியில் உள்ள விளக்கம்தான் செல்லும், தண்டனைச் சட்டத்தின் விளக்கம் செல்லாது. பல பாலிசிகள் பலவந்தமாக உள்ளே நுழைந்ததற்கு அடையாளம் கேட்கின்றன. அப்படி எழுதியிருந்தால் அது இல்லாமல் இழப்பீடு கிடையாது என்று 2004-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தொலைந்த சாவியால் திறந்து எடுத்தது சட்டத்தில் வீடு உடைத்தல். பாலிசியில் ஒன்றுமில்லாமல் போகலாம். வண்டி திருட்டில், போலீசுக்கு உடனே சொல்லிவிட்டு நிறுவனத்துக்குத் தாமதமாகச் சொன்னதை மட்டும் காரணம் காட்டி மறுக்க முடியாது என்று 2020-இல் அதே நீதிமன்றம் தீர்த்திருக்கிறது. ஆகவே எது தாமதமானாலும் எஃப்ஐஆர் தாமதமாகக் கூடாது. நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள். புலன் விசாரணையின் நிலையை 90 நாளுக்குள் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டிய கடமையும் போலீசுக்கு இருக்கிறது.

பொருள் மீட்கப்பட்டு நீதிமன்றத்துக்கு வந்துவிட்டால் வழக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 497-இன்கீழ், பொருள் முன்வைக்கப்பட்ட 14 நாளுக்குள் நீதிமன்றம் அதன் விவரப் பட்டியலைத் தயாரித்து, புகைப்படமோ வீடியோவோ எடுக்கச் செய்து, அதன்பின் 30 நாளுக்குள் யாரிடம் ஒப்படைப்பது என்று உத்தரவிட வேண்டும். வண்டிகளை நிலைய வாசலில் துருப்பிடிக்க விடக் கூடாது என்று 2002-இல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொன்னதுதான் இது. மனுவோடு எஃப்ஐஆர் நகல், பில், வண்டியானால் ஆர்சி புத்தகம், உங்கள் அடையாளச் சான்று வையுங்கள். பொருளின் மதிப்புக்கு ஏற்ப உறுதிப் பத்திரமும் பிணைதாரரும் கேட்பார்கள். உத்தரவில் என்ன நிபந்தனை இருக்கிறது என்று வரி விடாமல் படியுங்கள். கேட்கும்போது கொண்டுவந்து காட்ட வேண்டும், உருவம் மாற்றக் கூடாது, விற்கக் கூடாது என்று பெரும்பாலும் இருக்கும். அறுந்த செயினைப் பற்ற வைப்பதாக இருந்தாலும் நீதிமன்றத்தில் அனுமதி வாங்கிய பிறகே பற்ற வைக்க வேண்டும்.